இரண்டாவது கியர் விழாத வருஷம்

முன்னாலேயே உட்காருங்கள் அக்கா. தட்டைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், மேட் நேற்றுத்தான் கழுவியது. பெல்ட் இப்படி இழுத்து, இங்கே அழுத்த வேண்டும். டக்கென்று கேட்டதா? அவ்வளவுதான்.

எனக்கென்ன தொந்தரவு, நாங்களும் அந்த வழியாகத்தானே போகிறோம். தர்மபுரியில் பைபாஸ் பிரிகிற இடத்தில் இறக்கிவிடுகிறேன். பஸ் பழுதாகி நின்று ஒரு மணி நேரமா? சீர்த்தட்டோடு இந்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்றீர்களா? சொல்லப்போனால் நான் பார்க்காமலே போயிருப்பேன். நிறுத்தச் சொன்னவரே எங்கள் வீட்டுக்காரர்தான். 'ஒரு அம்மா தனியா நிக்குது பாரு, ஏத்திக்க. உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு. நான் பின்னால காலை நீட்டிப் படுத்துக்கறேன்' என்றார். இதோ, படுத்த உடனே தூங்கிவிட்டார். மத்தியானம் போட்ட மாத்திரை அப்படி. இரண்டு மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டார். இருந்தாலும் நாம் கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம், என்ன.

நான் நன்றாக ஓட்டுகிறேனா? நீங்கள் வேறு. எனக்கு ஓட்டவே தெரியாது அக்கா. லைசென்ஸ் மட்டும் கல்யாணமான புதிதில் எடுத்தது. இப்போது வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிற விதத்திலேயே தெரியவில்லையா?

வண்டியைப் பற்றிப் பயப்படாதீர்கள். பழசுதான், என் பெண்ணைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. ஆனால் கிளட்ச் பிளேட் புதுசு, கேபிள் புதுசு, கியர் பாக்ஸில் ஆயில் புதுசு. சேலத்தில் கண்ணாடி போட்ட பெரிய சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த வயசு வண்டிகளில் இவ்வளவு நல்ல கியரை நாங்கள் பார்த்ததில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆற மாட்டேன் என்கிறது. ஒன்றுமே இல்லாத ஒரு வண்டியைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு ஒரு வருஷம் போய்விட்டது.

என் பெண் இனியா யு.கே.ஜி. சேர்ந்த ஜூனில் ஆரம்பித்தது. அவளை இப்போது அண்ணி வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். நாங்கள் நாமக்கல். அவருக்குக் கோழித்தீவனக் கம்பெனியில் வேலை, பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் வந்தார், வாசலில் நின்று சாவியைச் சுற்றிக்கொண்டே, 'பிரமி, ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது. கரகரன்னு கத்துது' என்றார். வேகத்தடை வந்தால் கத்துகிறது, சந்து திரும்பினால் கத்துகிறது. சில சமயம் மூன்றாவதும். ரிவர்ஸைக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தெருவுக்குத் தெரு லாரிப் பட்டறை. வண்டிக்கு ஒன்று என்றால் டீக்கடையில் நான்கு பேர் இருந்தால் ஐந்து வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் காலடி மேட் பெடலுக்கு அடியில் சுருண்டிருக்கும் என்றார். எடுத்துப் போட்டோம். ஒருவர் கேபிள் நீண்டுவிட்டது என்றார். பால்காரர்கூட சைக்கிளை நிறுத்திவிட்டு, கியர் ஆயில் தண்ணியாகியிருக்கும் அம்மணி என்று சொல்லிவிட்டுத்தான் பாலை ஊற்றினார். எல்லாம் செய்தோம். ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும். பிறகு மறுபடி கரகர.

நான் ஏற்காட்டில் கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்து படித்தவள் அக்கா. எங்களுக்கு இயற்பியல் எடுத்த சிஸ்டர் இமாகுலேட், பார்த்ததை முதலில் எழுது, நினைத்ததை அப்புறம் எழுது என்பார். அது கையில் ஊறிப்போன பழக்கம். ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், இடம், எந்தக் கியர், எத்தனை வேகத்தில், என்ஜின் சூடா ஆறியா, வண்டியில் எத்தனை பேர், மழையா வெயிலா. அவர் வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவேன். டாக்டரம்மா வந்துட்டாங்க என்று கிண்டல் செய்வார். மூன்று மாசத்தில் இருபத்தாறு பக்கம். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட, பொய் சொல்வானேன்.

இருங்கள், மேடு ஆரம்பிக்கிறது. முன்னால் இரும்புக் கம்பி லாரி தவழ்கிறது. மூன்றாவதுக்கு இறக்கிக்கொள்கிறேன்... ஏறவில்லை, இரண்டாவது. இப்போது இழுக்கும். பயந்துவிட்டீர்களா? லாரியைவிட்டு நான்கு ஆள் தூரம் தள்ளி வர வேண்டும், மேட்டில் அவன் பின்னால் உருண்டாலும் உருளுவான் என்று இவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கே விட்டேன்? செங்கோடன். பட்டறைச் சாலையில் செங்கோடன் என்று ஒரு மெக்கானிக். அவனைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம். கெட்டிக்காரன், அதைச் சொல்ல வேண்டும். வண்டியை விட்டதும் முதலில் என்ஜினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஸ்டார்ட் செய்து போட்டான், அதுவும் விழுந்தது. கியர் பாக்ஸில் கோளாறு இல்லீங்க, கிளட்ச் முழுசாப் பிரியாததுதான் கத்துது, பெடலு முழுசா இறங்குச்சுன்னா பிரியும் என்று எனக்கு விளக்கினான். கேபிள் மாற்றினான். ஆகஸ்டில் கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டையும் மாற்றினான். பழைய பிளேட்டைக் கையில் கொடுத்து, இது இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்குமுங்க என்றான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டுக் காட்டினான். என்ஜின் டப்பென்று நின்றது. நின்றால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தமாம். எல்லாம் சரி. அவன் ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தான், ஒரு சத்தம் இல்லை. இவர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், முனையிலேயே கரகர.

செப்டம்பரில் நான் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போனேன். இவர் பக்கத்துக் கடையில் ஏதோ வாங்கப் போயிருந்தார். செங்கோடன் கையைத் துடைத்துவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். பத்து நிமிஷம் பார்த்தான். அப்புறம் கேட்டான்.

'எல்லாம் எழுதியிருக்கறீங்க அம்மணி. ஓட்டுனது யாருன்னு ஒரு கட்டம் இல்லீங்களே.'

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் ஓட்டுகிறவர் ஒருத்தர்தானே, அதற்கு ஒரு கட்டமா? அதைச் சொன்னேன். அவன் நோட்டை மூடினான். 'நா ஓட்டுனா வர்றதில்லீங்க. சார் ஓட்டறப்பத்தான் வருது. பெடலு முக்காவாசிதான் இறங்குது. சாரோட எடது காலைக் கொஞ்சம்...' என்று இழுத்தான்.

நான் முடிக்க விடவில்லை அக்கா. பட்டறையில் அதற்குச் சற்று முன்னால்தான், குடித்துவிட்டு ஓட்டிக் கியரை உடைத்த எவனோ ஒரு டிரைவரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே பேச்சுத்தான் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பழக்கம் எல்லாம் இல்லாதவர், மரியாதையாகப் பேசுங்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. சரிங்க அம்மணி என்று சாவியைக் கொடுத்துவிட்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

வந்திருக்க வேண்டாமா? நான் கோபப்பட்டால் என்ன, அவன் சொல்லியிருக்க வேண்டாமா? அம்மா, வண்டியை விடுங்கள், மனுஷனை டாக்டரிடம் காட்டுங்கள் என்று தெளிவாக ஒரு வார்த்தை. அதைச் சொல்லாததற்கு நான் அவனை மன்னிக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். காலாம், பெடலாம், முக்காவாசியாம். இவர் சிரித்தார். அவர் சுபாவம் அது, எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். அடுத்த புதன்கிழமை கம்பெனி மீட்டிங் என்று கோயம்புத்தூர் போனார். வண்டியை எடுக்கவில்லை, பஸ்ஸில்தான். திரும்பி வரும்போது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது, கெண்டைக்காலில் இரண்டு மூன்று ஊசிக் குத்து. மீட்டிங்கில் ரத்ததான முகாம் வைத்தார்களாம், காலில் கொசு கடித்ததாம். பாருங்கள், தனக்கே உடம்பு இளைத்துக்கொண்டு வருகிறது, அதில் ரத்தம் வேறு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷன் அக்கா.

அதற்கப்புறம்தான் அவருக்கு இந்த வண்டிப் பைத்தியம் முற்றியது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஓட்டிக்கொண்டே கேட்டால் சரியாகக் கேட்காதாம். அதனால் நான் ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பைபாஸைத் தாண்டி லாரிகள் நிறுத்துகிற மைதானம் ஒன்று உண்டு, அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். முதல், இரண்டு, மூன்று. மறுபடி முதல். சரிவில் நிறுத்தி அரை கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்து, பின்னால் ஒரு சாண்கூட உருளக் கூடாது, அப்போதுதான் சத்தம் தெரியும் என்பார். சத்தமே வராது. வராவிட்டால் விடுவாரா? இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை. எனக்குத் தொடை கடுக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அழுதுகொண்டே ஓட்டு, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டே இரு என்பார். இரக்கமே இருக்காது.

மைதானம் போதாதென்று ரோட்டில். இனியாவின் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டிக் காட்டு, பெரியாஸ்பத்திரி வரைக்கும், எங்கள் அண்ணன் வீடு வரைக்கும். மழையில் ஒரு தடவை, சந்தைக் கூட்டத்தில் ஒரு தடவை. ஒருநாள் சத்தம் சக்கரத்திலிருந்து வந்தாலும் வரலாம் என்று என்னையே ஜாக்கி போடச் சொல்லி, டயரைக் கழற்றி மாட்ட வைத்தார். அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, நட்டை இடம்வலமாக மாற்றி மாற்றி முறுக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு வசந்தி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, என்னப்பா, பொண்டாட்டிய பட்டறையில சேத்துட்டயா என்று கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. இவர், ஆமாக்கா, சீக்கிரமே தனிக் கடை போட்டுருவா என்றார்.

பதினாறு ஞாயிற்றுக்கிழமை அக்கா. ஒரு சினிமா இல்லை, ஒரு கோயில் இல்லை. குழந்தை பின்சீட்டில் தூங்கிவிடுவாள். அவள் தூங்கினால் மட்டும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாத்தியா, நீ ஓட்டறப்பக் குலுங்கறதே இல்ல, தூங்கிட்டா பாரு என்று எனக்குச் சர்டிபிகேட் கொடுப்பார்.

ஜனவரியில் என்ன செய்தார் தெரியுமா? பொங்கல் கழிந்த மறுவாரம். பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணை வாசலில் வண்டியை விட்டுவிட்டு, கம்பெனி வேனில் வந்து இறங்கினார். 'கியர் சுத்தமா விழலை. நீ போய் எடுத்துட்டு வா' என்றார். நான் தனியாக ஹைவேயில் ஓட்டினதே கிடையாது. மாட்டேன் என்றேன், பயமாக இருக்கிறது என்றேன். ஆட்டோவைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அங்கே போய் ஸ்டார்ட் செய்து கியரைப் போடுகிறேன், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, பூ மாதிரி விழுகிறது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். வந்த வேகத்தில் அவரைத் திட்டினேன் பாருங்கள், ஏழு வருஷத்தில் அப்படித் திட்டியதில்லை. சோம்பேறி என்றேன். பொண்டாட்டியை அலைய விடுவதற்கென்றே பொய் சொல்கிறீர்கள் என்றேன். ஆம்பளையா நீங்கள் என்றுகூட.

அவரோ ரவுண்டானாவில் எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பினாய் என்று கேட்டார். லாரியை முந்தினாயா? எத்தனை? அறுபதைத் தாண்டினாயா? நான் கத்திக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் சொல்கிறேன். மூன்று லாரியை முந்தினேன் என்றதும் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து வாசல்படியில் விழுந்தார். கால் தூக்கவில்லை. இடது செருப்பு மட்டும் நுனி தேய்ந்து தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்ததை அன்றைக்குத்தான் நான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

சேலத்தில் பெரிய டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், காலில் என்னென்னவோ ஊசி வைத்துப் பார்த்தார்கள். ரிசல்ட் வந்த அன்று குழந்தையும் கூட இருந்தாள். நீ உள்ளே போய்க் கேட்டுட்டு வா, நான் இனியாவப் பாத்துக்கறேன் என்று இவர் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். தசைக்குப் போகிற நரம்பு ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வருகிறதாம். முதலில் கால். அப்புறம் கை. அப்புறம் விழுங்குவது, மூச்சு. மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாதாம். எத்தனை வருஷம் என்று கேட்டேன். விரலால் காட்டினார், வாயால் சொல்லவில்லை.

முன்னாலேயே, செப்டம்பரிலேயே, வந்திருந்தால் என்று கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காதம்மா என்றார். அது டாக்டர் கணக்கு. எனக்கு வித்தியாசம் இருந்திருக்கும். அன்றைக்கு அவரைத் திட்டாமலாவது இருந்திருப்பேன் இல்லையா?

இல்லை அக்கா, நான் அழவில்லை. ஓட்டும்போது அழ மாட்டேன்.

வெளியே வந்து இவரிடம் நரம்புத் தளர்ச்சி, நாளாகும், சரியாகிவிடும் என்று சொன்னேன். அப்படியே நம்பிவிட்டார். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. சரி, எங்காவது டீ குடிக்கலாமா என்றார். கடவுளுக்கு நன்றி சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை எதுவும் கேட்டதில்லை. வேலையை விட்டார், காலுக்குப் பட்டை மாட்டிக்கொண்டார், வங்கிப் பாஸ்வேர்டு எல்லாம் எனக்கு எழுதி வைத்தார், எல்லாம் ஓய்வில் இருக்கிறபோது பொழுதுபோக வேண்டுமே என்றுதான். எனக்கு முப்பது வயது அக்கா. என் பெண்ணுக்கு ஐந்து. அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. கேஸ் சிலிண்டர் மாற்றக்கூடப் பயம்.

நாளைக் காலையில் பெங்களூரில் இன்னொரு பெரிய டாக்டர். அங்கேதான் இருக்கிறது சிக்கல். அந்த டாக்டர் எதையும் நோயாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாராம். கூட உட்கார வைத்துத்தான் பேசுவாராம். இவர் காதில் அது விழுந்தால் அவ்வளவுதான், அன்றைக்கே படுத்துவிடுவார். அதனால் இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். என் கணவருக்கு எதுவும் தெரியாது, தயவுசெய்து என்னிடம் மட்டும் சொல்லுங்கள் என்று. முதலில் நர்ஸிடம் அதைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட வேண்டும். இவர் பார்க்காமல் கொடுக்க வேண்டும். அது ஒன்றைத்தான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டு வருகிறேன்.

மேடு முடிந்தது. இனி சமதளம்தான். அக்கா, ஒரு உதவி. அவர் தலை எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன். கழுத்து மடங்கியிருந்தால் தலையணையைச் சரியாகத் தள்ளிவிடுங்கள், மூச்சுக்குக் கஷ்டமாகிவிடும். என் கண்ணாடியில் அவர் முட்டிதான் தெரிகிறது.

எட்டுகிறதா?

என்ன அக்கா, இவ்வளவு நேரமாகப் பார்க்கிறீர்கள்? யாருக்குத் தலையாட்டுகிறீர்கள்?

ஓ, எனக்கா. தூங்குகிறாரா? சரி, சரி. நான் ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன்.

கண்ணை ஏன் துடைக்கிறீர்கள்? லாரிப் புகைதான். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், இந்தக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். வெயிலில் நின்றது வேறு. தண்ணீர் இருக்கிறது, குடியுங்கள். ஏன் இப்படிப் பேச்சே இல்லாமல் வருகிறீர்கள்? நான்தான் என் பாட்டைப் பாடி உங்களை நோகடித்துவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை நாளில் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் எப்படியோ வந்துவிட்டது. இப்போது நெஞ்சில் கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி இருக்கிறது.

இதோ, பைபாஸ் வந்துவிட்டது. அந்த மரத்தடியில் ஓரங்கட்டுகிறேன். ஆட்டோ நிற்கிறது பாருங்கள்.

என்ன சொன்னீர்கள்?

'அந்தக் கடுதாசியக் குடுக்காத சாமி. கிழிச்சுப் போட்டுட்டு, ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போங்க' என்றா சொல்கிறீர்கள்? நீங்கள் பெரியவர்கள், நல்லதுக்குத்தான் சொல்வீர்கள். ஆனால் உங்களுக்கு அவரைத் தெரியாது அக்கா. நான் ஏழு வருஷமாகக் கூட இருக்கிறவள். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறாக நடக்கத் தெரியாத மனுஷன். அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருப்பேன்.

தட்டு ஜாக்கிரதை. கால் வைக்கிற இடத்தில் ஜல்லி கிடக்கிறது, பார்த்து. கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள் அக்கா, விழித்துக்கொள்வார்.